மழை, பனிக்கால மகிழுந்து ஆயத்தம்

மழை, பனிக்கால மகிழுந்து ஆயத்தம் என்பது, ஐப்பசி முதல் தை வரையிலான மழையிலும் மூடுபனியிலும் மகிழுந்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்காகப் பருவம் தொடங்கும் முன் செய்யப்படும் சோதனைகளையும் பழுதுநீக்கங்களையும், அக்காலத்தில் ஓட்டுநர் கைக்கொள்ள வேண்டிய நடைமுறைகளையும் குறிக்கும். மகிழுந்து பேச்சு வழக்கில் கார் எனப்படுகிறது. பனிபொழியும் நாடுகளில் குளிர்கால ஆயத்தம் என்பது பெரும்பாலும் உறைபனியை எதிர்கொள்வதாகும். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் அது வெள்ளத்தையும் வழுக்கலையும் பார்வைக் குறைவையும் எதிர்கொள்வதாகும். இக்கட்டுரை கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வாயத்தத்தை விளக்குகிறது.

பருவமும் நிலவியலும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்கள் கூதிர்காலம். மார்கழி, தை ஆகியவை முன்பனிக்காலம். முதலாவது வடகிழக்குப் பருவமழையின் காலம், இரண்டாவது விடியற்கால மூடுபனியின் காலம். அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது. கடலோர மாவட்டங்களில் இதன் பங்கு இன்னும் கூடுதலாகும். இப்பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது.

நெல்லிக்குப்பம் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே, கடலூர்–சித்தூர் சாலையில் அமைந்துள்ளது. இதன் வடக்கே தென்பெண்ணையாறும் தெற்கே கெடிலமும் ஓடுகின்றன. 1842இல் தொடங்கப்பட்ட சர்க்கரை ஆலை இவ்வூரில் உள்ளது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் இச்சாலையின் வழக்கமான காட்சி ஆகும். நெய்வேலி இதற்குத் தென்மேற்கே உள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரியம் ஆகும். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை இவ்வட்டாரத்தின் முதன்மைச் சாலை. நிலக்கரியும் சாம்பலும் ஏற்றிய சரக்குந்துகள் இப்பகுதிச் சாலைகளில் மிகுதியாகச் செல்கின்றன.

மாவட்டம் தாழ்வான கடலோரச் சமவெளியில் உள்ளது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை இதன் வழியாகவோ எல்லையிலோ ஓடிக் கடலில் கலக்கின்றன. எனவே உள்ளூரில் மழை விட்ட பின்னரும் மேல்நிலப்பகுதிகளில் பெய்த மழையால் இங்கு வெள்ளம் வரக்கூடும். ஓட்டுநர்கள் பெரிதும் தவறவிடும் செய்தி இதுவாகும்.

அண்மைக்கால நிகழ்வுகள்

* 2011 திசம்பர் 30: தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. சாலைகள் மரங்களாலும் மின்கம்பங்களாலும் அடைபட்டன.
* 2015 நவம்பர்: இரண்டாம் வாரத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் கூடுதலான மழை பதிவாயிற்று. பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய சிற்றூர்களில் திடீர் ஓடை வெள்ளத்தால் உயிரிழப்பு ஏற்பட்டது.
* 2021 செப்டம்பர்: புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே, மழைநீர் தேங்கிய இரயில்வே சுரங்கப்பாதையில் மகிழுந்து மூழ்கியதில் பெண் மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார்.
* 2024 நவம்பர் 30: ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட, திசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணைக் கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து தடைபட்டது.

துடையூர் நிகழ்வு பெருவெள்ளத்தில் நேர்ந்ததன்று. வழக்கமான பாதையில் தேங்கிய நீரில் நேர்ந்தது. மகிழுந்தில் செல்வோருக்குப் புயலைக் காட்டிலும் தரைப்பாலமும் சுரங்கப்பாதையும் பேரிடராக அமையலாம் என்பதை அது காட்டுகிறது.

ஆயத்தம் செய்யும் காலம்

புரட்டாசி மாதம் இதற்கு ஏற்றது. தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று வாகனங்களைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டும் வழக்கம் உண்டு. இந்நாள் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, அதாவது பெரும்பாலும் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் வருகிறது. வண்டி முழுவதையும் கழுவித் துடைக்கும் அந்நாளிலேயே கீழ்க்காணும் சோதனைகளையும் செய்துவிடுவது எளிது. மழை தொடங்கிய பின் பழுதுநீக்கும் நிலையங்களில் கூட்டம் மிகுவதோடு, துடைப்பான் போன்ற சிறு உதிரிகளுக்கும் காத்திருக்க நேரிடும்.

வண்டியின் உறுப்புகள்

டயர்

ஈரச் சாலையில் வண்டியைத் தரையோடு பிணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். டயரின் மேலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அடியில் சிக்கும் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவதே அவற்றின் பணி. நீர் வெளியேறும் வேகத்தைவிட வண்டி விரைந்து சென்றால் டயர் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கும். இது நீர்ச்சறுக்கல் எனப்படும். அப்போது திசைமாற்றிக்கோ பிரேக்குக்கோ வண்டி கட்டுப்படாது.

* பள்ளத்தின் ஆழம்: புதிய மகிழுந்து டயரில் இது ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். 1.6 மி.மீ. ஆழத்தில் சிறு மேடுகள் தேய்மானக் குறியாக வார்க்கப்பட்டிருக்கும். டயரின் மேற்பரப்பு அம்மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் அதை மாற்றியே ஆகவேண்டும். மழைக்காலத்திற்கு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.
* காற்றழுத்தம்: நாசா ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட தோராய வாய்பாட்டின்படி, நீர்ச்சறுக்கல் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. எனில் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ.; 20 பி.எஸ்.ஐ. எனில் ஏறத்தாழ 75 கி.மீ. எனவே மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற பரவலான கருத்து தவறானது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அழுத்தமே சரி. அது பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன் அளக்க வேண்டும்.
* ஸ்டெப்னி: உபரிச் சக்கரத்தில் காற்று இருப்பதையும், ஜாக்கியும் திருகுச்சாவியும் இருப்பதையும் உறுதிசெய்தல் வேண்டும். கொட்டும் மழையில் இரவில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

பிரேக்

பிரேக் நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகை நீர்மம் புதியதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் இவ்வரம்பு 155 பாகை ஆகிறது. கொதித்து ஆவியான நீர்மம் அழுத்தத்தைக் கடத்தாது என்பதால், மிதித்தும் பிரேக் பிடிக்காமல் போகலாம். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றப் பரிந்துரைக்கின்றனர்.

நீரில் இறங்கி ஏறிய பின் பிரேக் பட்டைகள் நனைந்து பிடிப்புக் குறையும். பல சிறு மகிழுந்துகளின் பின்சக்கரங்களில் உள்ள உருளை வகைப் பிரேக்குகள் உலரக் கூடுதல் நேரம் எடுக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகப் பலமுறை மிதித்தால் உராய்வு வெப்பத்தில் அவை உலரும். இந்தியாவில் 2019 ஏப்பிரல் முதல் விற்கப்படும் புதிய மகிழுந்துகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாகும். இவ்வமைப்புள்ள வண்டியில் அவசரத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலடியில் உணரப்படும் அதிர்வு இயல்பானதே.

துடைப்பானும் கண்ணாடியும்

துடைப்பானின் இரப்பர் மழையைவிடக் கோடை வெயிலிலேயே மிகுதியாகக் கெடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இறுகி வெடித்த இரப்பர், ஐப்பசியின் முதல் மழையில் கோடுகோடாக நீரை விட்டுச்செல்லும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், இதை மாற்றுவது சிக்கனமே. கண்ணாடியில் படிந்துள்ள எண்ணெய்ப் படலத்தைச் சோப்பு நீரால் நீக்க வேண்டும். இல்லையெனில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணாடி முழுவதும் சிதறும்.

மழையில் கண்ணாடியின் உட்புறம் மங்குவதற்கு உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரமே காரணம். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுப்பதால் அதை இயக்கி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, காற்றை முன்கண்ணாடி நோக்கித் திருப்பினால் மங்கல் விரைவில் நீங்கும். ஓட்டிக்கொண்டே துணியால் துடைப்பது கவனத்தைச் சிதறச் செய்யும்.

மின்கலம், விளக்குகள், மின்கம்பிகள்

மழைக்காலத்தில் முகப்பு விளக்கு, துடைப்பான், ஊதி ஆகியவை ஒருசேர இயங்குவதால் பாட்டரியின் சுமை கூடுகிறது. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட்டு பாட்டரி, வண்டி ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். முனைகளில் படியும் வெண்பொடியை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவலாம். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்குகள் எரிகின்றனவா என ஒருவரைப் பின்னே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் தம் பின்விளக்குகளைத் தாமே காண்பதில்லை என்பதால் இப்பழுது நெடுநாள் தெரியாமலே இருக்கும்.

மழைக்காலத்தில் வளைகளில் நீர் புக, எலிகள் வண்டியின் என்சின் அறையில் குடியேறுவதும் மின்கம்பிகளைக் கடிப்பதும் பொதுவானவை. நாப்தலீன் உருண்டை, புகையிலை முதலியவற்றை வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றின் பயன் நிலையானதன்று. சில நாட்கள் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கும் முன் முகப்பு மூடியைத் திறந்து பார்ப்பதே உறுதியான வழி.

வடிகால் துளைகளும் துருவும்

முன்கண்ணாடியின் கீழ்ப்புறத்திலும் கதவுகளின் அடியிலும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உள்ளன. வேம்பு, புளி முதலிய மரங்களின் கீழ் நிறுத்தப்படும் வண்டிகளில் சிற்றிலைகள் இவற்றை அடைத்துவிடும். அடைபட்டால் நீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பை நனைக்கும். கடலூர் முதுநகர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் அடிப்பகுதி விரைவில் துருப்பிடிப்பதால் துருத் தடுப்புப் பூச்சு பயன்தரும்.

மழையில் ஓட்டுதல்

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நேரமே மிகவும் வழுக்கலானது. சாலையில் படிந்துள்ள எண்ணெய், தூசு, டயர்த் துகள் ஆகியவை நீரோடு கலந்து வழவழப்பான படலமாகின்றன. நிலக்கரியும் சாம்பலும் சிந்தும் சுரங்க வட்டாரச் சாலைகளில் இப்படலம் இன்னும் அடர்த்தியாக இருக்கும். தொடர்ந்து பலத்த மழை பெய்தால் இது கழுவப்பட்டுவிடும்.

உலர்ந்த சாலையில் முன்செல்லும் வண்டிக்கு இரண்டு வினாடி இடைவெளி போதுமெனில், ஈரச் சாலையில் நான்கு வினாடியாவது வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இது ஏறத்தாழ 67 மீட்டர் ஆகும். இடைவெளியைக் கணிக்க, முன்வண்டி ஒரு மைல்கல்லையோ மரத்தையோ கடந்ததும் எண்ணத் தொடங்கலாம். நீர்ச்சறுக்கல் நேர்ந்தால் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றியை நேராகப் பிடித்து, டயர் மீண்டும் தரையைப் பற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

தேங்கிய நீரும் ஓடும் நீரும்

ஆயத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு செம்மையாகப் பராமரிக்கப்பட்ட வண்டியும் வெள்ளத்தைக் கடப்பதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

மகிழுந்து மிதக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆனால் கணக்கு எளியது. 3.6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட சிறு மகிழுந்தின் அடிப்பரப்பு 5.4 சதுர மீட்டர். அடித்தளத்திற்கு மேல் நீர் 10 செ.மீ. ஏறினால் வண்டி 540 லிட்டர் நீரை விலக்குகிறது. அதாவது 540 கிலோ எடை தூக்கப்படுகிறது. 17 செ.மீ. ஏறினால் 900 கிலோ எடையுள்ள வண்டி முழுவதும் மிதக்கத் தொடங்கும். அடித்தளம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சாலையில் வெறும் 34 செ.மீ. நீர் இதற்குப் போதும். இது முழங்காலுக்கும் கீழான ஆழம். நீர் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு முன்பே டயர்களின் பிடிப்புக் குறைந்து வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும்.

எனவே பின்வருவன பின்பற்றத்தக்கவை:

* தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால், ஆழம் எவ்வளவாயினும் கடக்கக் கூடாது. நீருக்கடியில் பாலம் அரிக்கப்பட்டிருப்பது மேலிருந்து தெரியாது.
* இரயில்வே சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருந்தால் மாற்றுவழியில் செல்ல வேண்டும். நீரின் மேற்பரப்பு சமமாக இருக்க, சாலையோ உள்நோக்கிச் சரிகிறது. நுழைவாயிலில் கணுக்கால் அளவுள்ள நீர் நடுவில் ஆளுயரம் இருக்கலாம்.
* முன்னே ஒரு பேருந்து கடந்தது என்பது மகிழுந்துக்குச் சான்றாகாது. பேருந்தின் எடையும் உயரமும் பல மடங்கு கூடுதலானவை.
* தெரிந்த சாலையில் அசையாத நீரைக் கடந்தே ஆகவேண்டுமெனில், ஆழம் கதவின் கீழ்விளிம்பை எட்டாதபோது மட்டும், முதல் கியரில், நிறுத்தாமல் மெதுவாகச் செல்ல வேண்டும். விரைந்தால் எழும் அலை என்சினின் காற்று உள்வாங்கு குழாயை எட்டும்.

என்சின் நின்றுவிட்டால்

நீரில் நின்ற என்சினை மீண்டும் இயக்க முயல்வதே பெருஞ்செலவை விளைவிக்கும் தவறு. காற்றைப் போல நீர் அமுங்காது. உருளைக்குள் புகுந்த நீரின் மேல் உந்துதண்டு மோதும்போது இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும். வண்டியை இயக்காமல் தள்ளியோ இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுசென்று, பாட்டரி இணைப்பைக் கழற்றி, பழுதுநீக்குநரிடம் ஒப்படைக்க வேண்டும்.

காப்பீட்டிலும் இது முதன்மையானது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. முழுமைக் காப்பீடு வெள்ளம், புயல் ஆகியவற்றால் நேரும் சேதத்தை ஏற்கிறது. ஆயினும் நீரில் நின்ற என்சினை மீண்டும் இயக்கியதால் நேரும் சேதம் தொடர்விளைவாகக் கருதப்பட்டு மறுக்கப்படலாம். இதற்கென என்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு தனியே பெறப்படுகிறது. காப்பீட்டின் காலமும் வகையும் மழைக்கு முன் சரிபார்க்கத்தக்கவை.

வண்டி மூழ்கத் தொடங்கினால்

ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் வெளிப்புறம் அரை மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அதன் மேல் ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும். உள்ளிருந்து அதைத் திறப்பது அரிது. எனவே முதல் ஒரு நிமிடமே உயிர்காப்பதாகும்.

1. இருக்கைப் பட்டியைக் கழற்ற வேண்டும்.
2. மின்னிணைப்பு இருக்கும்போதே பக்கக் கண்ணாடியை இறக்க வேண்டும்.
3. குழந்தைகளை முதலில் வெளியேற்றி, பின் மற்றவர் சாளரத்தின் வழியே வெளியேற வேண்டும். பொருட்களை எடுக்கக் காத்திருக்கக் கூடாது.
4. கண்ணாடி இறங்காவிட்டால், கூர்முனைச் சுத்தியலாலோ கழற்றக்கூடிய தலைதாங்கியின் இரும்புக் கம்பியாலோ பக்கக் கண்ணாடியின் மூலையில் தாக்க வேண்டும். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி என்பதால் எளிதில் உடைந்து வழிவிடாது.

நிறுத்துமிடம்

புயல் எச்சரிக்கை வந்தபின் வண்டியை மரம், மின்கம்பம், விளம்பரப் பலகை, பழைய மதில் ஆகியவற்றின் அருகே நிறுத்தக் கூடாது. தாழ்வான தெருவிலும் அடித்தள நிறுத்துமிடத்திலும் உள்ள வண்டிகளை மழைக்கு முன்பே மேட்டுக்கு மாற்றுவது நல்லது. 2024 அக்டோபரில் மிகக் கனமழை எச்சரிக்கை விடப்பட்டபோது, சென்னை வேளச்சேரிப் பகுதி மக்கள் தம் மகிழுந்துகளை அங்குள்ள மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினர். முந்தைய ஆண்டுகளின் வெள்ளத்தில் வண்டிகளை இழந்த பட்டறிவே இதற்குக் காரணம். மேட்டுநிலத்திலுள்ள உறவினர் வீடு, திருமண மண்டபத் திடல் முதலியவற்றை முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது போக்குவரத்துக்கு இடையூறில்லாத வழியாகும்.

மூடுபனியில் ஓட்டுதல்

மழை ஓய்ந்த மார்கழியில் வானம் தெளிந்த இரவுகளில் நிலம் விரைந்து குளிர்கிறது. ஈரமான வயல்கள், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, வீராணம் ஏரி போன்ற நீர்நிலைகள் ஆகியவற்றை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால் வானிலையியலார் அதை மூடுபனி என்பர். விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும் இது மிக அடர்த்தியாகும். போகியன்று பழையன எரிக்கும் புகையும் சேர்ந்தால் அடர்த்தி மேலும் கூடும்.

ஈரச் சாலையில் ஓட்டுநர் உணர்ந்து பிரேக் மிதிக்க ஒரு வினாடி ஆகும் எனவும், சாலையின் உராய்வுக் கெழு 0.4 எனவும் கொண்டால், வண்டி நிற்க வேண்டிய தொலைவு பின்வருமாறு அமையும்:

* மணிக்கு 40 கி.மீ. – ஏறத்தாழ 27 மீட்டர்
* மணிக்கு 60 கி.மீ. – ஏறத்தாழ 52 மீட்டர்
* மணிக்கு 80 கி.மீ. – ஏறத்தாழ 85 மீட்டர்

50 மீட்டர் வரை மட்டுமே தெரியும் மூடுபனியில் 60 கி.மீ. வேகமும் மிகையானது என்பதை இது காட்டுகிறது. பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டரோ, ஓரத்தில் பழுதாகி நிற்கும் சரக்குந்தோ தென்பட்டபின் நிறுத்த இடமிருக்காது.

மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்நிலையில் வைக்க வேண்டும். உயர்நிலை ஒளி நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி, வெண்திரை போலாகிவிடும். பனிவிளக்கு தாழ்வாகப் பொருத்தப்படுவதும் இதனால்தான். சாலையின் இடது ஓரக் கோட்டைப் பின்பற்றுவது நலம். ஓடும்போது அபாய விளக்குகளை எரியவிடுவது தவறு. வண்டி நிற்கிறது எனப் பின்வருவோர் மயங்குவதோடு, திரும்பும் குறியும் தெரியாமல் போகும். நிற்க நேர்ந்தால் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்தி, அப்போது அவ்விளக்குகளைப் போட வேண்டும். இயலுமாயின் கதிரவன் எழுந்து பனி கலையும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே சிறந்தது.

வண்டியில் வைத்திருக்க வேண்டியவை

* கைவிளக்கு, கைப்பேசி மின்னேற்றி
* குடிநீர், பிசுக்கோத்து போன்ற உலர் உணவு
* ஒளி எதிரொளிக்கும் எச்சரிக்கை முக்கோணம்
* இழுவைக் கயிறு, பாட்டரி இணைப்புக் கம்பி
* கண்ணாடி உடைக்கும் சுத்தியல் (ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில், பின்பெட்டியில் அன்று)
* முதலுதவிப் பெட்டி, குடை, பழந்துணி
* ஆவணங்களின் படிகள், நீர்புகா உறையில்

அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டறைக்கு 1077, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்கள் உள்ளன.

பனிபொழியும் நாடுகளுடன் ஒப்பீடு

கனடா, நோர்வே முதலிய நாடுகளில் வாழும் தமிழர்கள் இதே மாதங்களில் வேறு வகை ஆயத்தம் செய்கின்றனர். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே செல்லும்போது வழக்கமான டயரின் இரப்பர் இறுகிப் பிடிப்பை இழப்பதால், குளிரிலும் மென்மையாக இருக்கும் குளிர்கால டயர்கள் பொருத்தப்படுகின்றன. கியூபெக் மாகாணத்தில் திசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை இவை சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆயினும் 2016 முதல் இவற்றைப் பொருத்துவோருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை அளிக்க வேண்டும்.

அங்கு குளிர்விப்பு நீர்மம் உறையாதிருப்பது இன்றியமையாதது. எத்திலீன் கிளைக்கோலும் நீரும் சம அளவில் கலந்த நீர்மம் ஏறத்தாழ –37 பாகை வரை உறையாது. தமிழ்நாட்டிலும் இந்நீர்மமே பயன்படுகிறது. இங்கு அதன் பணி கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் ஆகும். வெறும் நீரை ஊற்றும் பழக்கம் இரு நாடுகளிலும் கேடானதே. உதகமண்டலத்தில் திசம்பர், சனவரி மாதங்களில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டிச் செல்வதால் கண்ணாடியில் உறைபனி படியும். அதன் மேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். ஊதியின் வெப்பக் காற்றால் உருக்குவதே முறை.

பனிநாடோ மழைநாடோ, ஆயத்தத்தின் அடிப்படை ஒன்றே: டயரின் பிடிப்பு, தெளிவான பார்வை, நிறுத்தப் போதிய தொலைவு, பயணத்தைத் தள்ளிவைக்கும் மனம். முதல் மூன்றையும் பழுதுநீக்கும் நிலையத்தின் உதவியோடு பெறலாம். நான்காவது ஓட்டுநரைப் பொறுத்தது.

இவற்றையும் பார்க்க

* வடகிழக்குப் பருவமழை
* கடலூர் மாவட்டம்
* நெல்லிக்குப்பம்
* நெய்வேலி
* தானே புயல்
* மூடுபனி